ஏழு பல் சீப்பு

செப்டம்பர் 12

ஐந்தாவது வரை படித்த அஞ்சம்மாவாகிய நான் இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

எழுதச் சொன்னது ஃபௌசியா. இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். போன வருஷம் எங்கள் சாவடித்துறைக்கு ஒரே அச்சில் பன்னிரண்டு ஃபைபர் படகு வார்த்தார்கள். கண்ணாடி நார்ப் பாயை அச்சில் விரித்து, பிசின் ஊற்றி, மேலே இன்னொரு பாய், மறுபடி பிசின் என்று அடுக்கடுக்காக ஏற்றினால் படகு. எங்கள் படகுக்கு மட்டும் அந்த அடுக்குகளுக்கு நடுவே தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையை இவள் படுக்க வைத்துவிட்டாள், அமரத்திலிருந்து அணியம் வரைக்கும். அமரம் என்றால் படகின் பின்பக்கம், அணியம் என்றால் முன்மூக்கு. கல்லூரிக்காரர்கள் யாராவது படித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

"நம்ம ஒடம்புல நரம்பு மாதிரிக்கா இது. உள்ள எங்கயாச்சும் அடிபட்டா சொல்லும். ஃபைபர் படகுல வெளிய ஒரு கீறல்கூட இருக்காது, உள்ள அடுக்கு விட்டுப்போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"நரம்பு எங்க வீட்டு ஆளுக்கும் இருக்கு பாப்பா. முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு அதுவும் தெனம் சொல்லுது. யாரு கேக்குறா?"

சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி கொடுத்திருக்கிறாள். படகு கடலுக்குப் போகும் முன்னால் அமரத்தில் இருக்கும் மூடியைத் திறந்து, இழையின் நுனியைத் துடைத்து, பெட்டியின் ஒயரை மாட்ட வேண்டும். கண்ணாடித் திரையில் ஒரு கோடு ஓடி, ஏழு இடத்தில் முள்ளாக நிமிரும். இழையில் ஏழு இடத்தில் குறி வைத்திருக்கிறாளாம், குறிக்கு ஒரு முள்.

"இது பேன் சீப்பு மாதிரில்ல இருக்கு" என்றேன். சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் அது சீப்பு, முள்ளெல்லாம் பல்.

என் வேலை பல் எண்ணுவது. ஏழு இருந்தால் நோட்டில் ஏழு என்று எழுத வேண்டும். ஏழு இல்லையென்றால் படகை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்ய வேண்டும். மிச்ச இடத்தில் மனதில் தோன்றுவதை எழுதலாம் என்றாள். அவளுக்கு என்னைப் பற்றித் தெரியவில்லை.

செப்டம்பர் 15

ஏழு.

வெறும் நம்பராக எண்ணினால் தூக்கம் வருகிறது. அதனால் பல்லுக்கெல்லாம் பேர் வைத்துவிட்டேன். முதல் பல் குட்டை, அகலம்: எங்க வீட்டு ஆள். ஆறாவது ஒல்லியாக ஒயிலாக நிற்கும்: என் கொழுந்தன் மதியழகன். ஏழாவது மற்ற பல்லையெல்லாம் விட்டு ஒதுங்கி, திரையின் ஓரத்தில் தனியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அது வீராசாமி அண்ணன். கரையில் பன்னிரண்டு படகில் அவர் படகும் ஒன்று. கோயில் திருவிழாவில்கூட யார் தோளும் தன்மேல் படாமல் நிற்கிற மனுஷன்.

அவர் மனைவி ருக்மணி அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது தினமும் மீன் ஏலத்தில் அவள் கேட்கிற முதல் கேள்வி, "எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு எப்பிடிடி நிக்கிறாரு?"

"மொறைச்சிக்கிட்டு நிக்கிறாருக்கா."

"அங்கியும் அப்பிடித்தானா!"

செப்டம்பர் 19

ஏழு. நெத்திலி. ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

செப்டம்பர் 26

ஏழு, காலையில்.

மத்தியானம் படகைக் கரையேற்றும்போது டிராக்டர் கயிறு நழுவி, கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல்லில் அணியம் போய் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு 'தொம்'. மதியழகன் குனிந்து தடவிப் பார்த்தான். பெயிண்ட்கூட உரியவில்லை.

"இந்தக் கல்லுல முட்டாத படகு நம்ம ஊர்ல எது அண்ணி? எல்லாத்தையும் இதே டிராக்டருதான் இதே எடத்துல இழுக்குது" என்றான்.

உண்மைதான். வீராசாமி அண்ணன் படகு போன மாதம் இரண்டு தடவை உட்கார்ந்தது.

செப்டம்பர் 27

எட்டு!

ஆறாவது பல் உச்சியில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது, பாம்பு நாக்கு மாதிரி. மதியழகனுக்கு இரட்டை மனசு, ஊரில் யாரையோ பார்த்துவிட்டான் என்று நான்தான் சொன்னேன். அவன் வெட்கப்பட்டான். அப்படியென்றால் நிஜமாகவே பார்த்துவிட்டான்.

ஃபௌசியாவுக்குப் போன் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னிக்குப் படகு போக வேணாம்க்கா. நான் வர்றேன்."

எங்க வீட்டு ஆளும் மதியழகனும் படகில் மூன்றாவது ஆளான உலகநாதனும் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தினார்கள். மற்ற பதினோரு படகும் கானாங்கெளுத்தி ஏற்றிக்கொண்டு வந்தன.

செப்டம்பர் 28

ஃபௌசியா வந்து ஒயர் மாட்டினால் ஏழு. பிளவு மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் எங்க வீட்டு ஆளுக்கு வயிற்றுவலி நிற்பது போல.

காரைக்காலில் இருந்து ஃபைபர் ஒட்டுகிற இருதயராஜைக் கூப்பிட்டார்கள். இருபது வருஷமாகப் படகு ஒட்டுகிறவர். ஐந்து ரூபாய்க் காசால் அணியத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும், உள்ளே விட்டிருந்தால் 'பொத்' என்று செத்த சத்தம் வரும்.

"எல்லா எடமும் நல்லாத்தான் பேசுது. இதுக்கு மேல அறுத்துத்தான் பாக்கணும்" என்றார்.

ஃபௌசியா நகத்தைக் கடித்தாள். "பாரம் ஏத்தும்போது பிரியுது, எறக்கினா மூடிக்குதுன்னு நெனைக்கிறேன். ஆனா என்னாலயும் உறுதியா சொல்ல முடியல அண்ணா. அறுக்காமலே உள்ள பாக்குற வேற ஒரு மெஷின் இருக்கு, தீபாவளி கழிச்சுத்தான் கெடைக்கும். அதுவரைக்கும் எட்டு வந்தா மட்டும் போகாதீங்க."

எங்க வீட்டு ஆள் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆளை விடு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. ஏழு.

பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இழை நுனியில் படாமல்தான். ஃபௌசியாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "சூப்பர்க்கா, ஆனா திரையில பொட்டு வேணாம், ஒரு பல் மறையுது" என்று பதில் வந்தது.

அக்டோபர் 7

வாடைக்காற்று எடுத்துவிட்டது. முகத்துவாரத்தில் அலை மடங்கி மடங்கி விழுகிறது. படகு தூக்கி அடிக்கிற சத்தம் ஏலக் கொட்டகை வரை கேட்கிறது.

எட்டு. மறுபடி ஆறாவதுதான். பிளவு முன்னைவிட அகலம். இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு சோற்றுப் பருக்கையை வைக்கலாம்.

நிறுத்திவிட்டேன்.

மற்ற படகெல்லாம் போய் வந்தன. இறங்கும்போதே வீராசாமி அண்ணன் சத்தம். "என்ன வைத்தி, பல்லு வெளக்கியாச்சா? நாளைக்காச்சும் பொண்டாட்டி பர்மிசன் குடுக்குமா?"

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஊரில் இருக்கிற எல்லாரையும் நான் கிண்டல் செய்தவள்தானே, திரும்பி வரும்போது முகம் சுளித்தால் நன்றாயிருக்குமா?

எங்க வீட்டு ஆள் சிரிக்கவில்லை.

அக்டோபர் 8

அணியத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் சீப்பைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிவப்புச் சீப்பு. எங்க வீட்டு ஆள் அதை அவிழ்க்கவில்லை, பிய்த்து எறிந்தார்.

இன்றைக்கு ஏழு. ஆனாலும் கடலுக்குப் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டார். மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். சோறு குழைந்துவிட்டது, அதனால்தான் இருக்கும்.

அக்டோபர் 9

ஏழு. போனார்கள். என்னிடம் பேசவில்லை. டீ வைத்தால் குடிக்கிறார். அது ஒன்றும் கோபமில்லை.

அக்டோபர் 12

ஏழு. காற்று.

மதியழகன் தனியாக வந்து சொன்னான். "அண்ணி, அண்ணனை டீக்கடையில 'சீப்பு வைத்தி'ன்னு கூப்புடுறானுங்க. அண்ணன் டீயக் குடிக்காம எழுந்து வந்துட்டாரு. இன்னொரு தடவ நிறுத்தினீங்கன்னா படகையே வித்துருவேன்னு எங்கிட்ட சொல்றாரு."

சீப்பு வைத்தி. நல்ல பட்டப்பேர். நானே இவ்வளவு நன்றாக வைத்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 14, விடியற்காலை

ஏழு.

என்னிக்குமில்லாமல் எங்க வீட்டு ஆள் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சொல்லுது உன் பொட்டி?"

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அப்புறம் கடைசியில் இரண்டு பல் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மொத்தம் ஏழு. திரையின் ஓரம் சுத்தமாக இருக்கிறது.

"ஏழு" என்றேன்.

அவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குப் பிறகு தொட்டிருக்கிறார். மதியழகன் விசிலடித்தான். உலகநாதன் அணியத்தில் கற்பூரம் காட்டினான். டிராக்டர் தள்ளிவிட்டது.

எண்ணிப் பார்த்தால் ஏழுதான்.

அக்டோபர் 14, ஏலக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்

காத்திருக்கிற நேரத்துக்கு எழுதுகிறேன்.

ஒன்பது மணி இருக்கும். வேலி ஓரம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ருக்மணி அக்கா வழக்கம் போல வந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு எப்பிடிடி நிக்கிறாரு?"

"என்னமோ தெரியலக்கா, இன்னிக்குப் பாசம் பொங்கிடுச்சு. மதியழகன் தோள்ல தோள் போட்டுக்கிட்டு நிக்கிறாரு."

"அவரா! கல்யாண போட்டோவுலயே என்னை விட்டு ஒரு முழம் தள்ளி நின்னவருடி!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த மீன் கீழே விழுந்தது.

வீராசாமி ஒருநாளும் யாரோடும் ஒட்டி நிற்பதில்லை. அவர் இடம் திரையின் ஓரம். ஓரம் இன்றைக்குக் காலி. ஒட்டி நின்ற இரண்டும் ஆறாவது பல்தான், பிளந்தது பிளந்தபடி அகன்றிருக்கிறது. ஏழாவது இல்லை. ஏழாவது பல் அணியத்தின் நுனியில் இருக்கிற குறி. அது இல்லையென்றால் நடுவில் இழை அறுந்திருக்கிறது. கண்ணாடி இழை சும்மா அறுமா?

ஒன்று கூடி, ஒன்று குறைந்து, ஏழு.

ஓடினேன். ஏலக் கொட்டகையில் காத்தமுத்து வயர்லெஸ் வைத்திருக்கிறார். எல்லாப் படகோடும் பேசுகிற மிஷின், ஒருத்தர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும்.

"அண்ணே, அவங்களைத் திரும்பி வரச்சொல்லணும்."

"சீப்பு சொல்லுச்சா?" என்று கேட்டுக்கொண்டே காத்தமுத்து பொத்தானை அழுத்திக் கொடுத்தார்.

"ஏங்க, நான்தான் பேசுறேன். பல்லு ஒண்ணு விழுந்துருக்குங்க. அணியம் சரியில்ல. படகைத் திருப்புங்க."

ஒரு கொர்ர்ர் சத்தம். அப்புறம் சிரிப்பு. ஒரு படகு இல்லை, நாலு படகிலிருந்து.

"அஞ்சம்மாக்கா, விழுந்தது முன்பல்லா, கடவாப்பல்லா?"

"பல்லு கட்டிப் போட்டுடுக்கா, பொக்கையா இருந்தா மீனு சிரிக்கும்!"

"நெசமாத்தான்டா சொல்றேன்!" என்று கத்தினேன். அதற்கும் சிரிப்பு. இருபத்தாறு வருஷம் இந்த ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். நெசமாத்தான் என்று சொல்லித்தான் ஒவ்வொரு பொய்யையும் விட்டிருக்கிறேன். போன பொங்கலுக்கு, உலகநாதனைத் தேடிக் கடற்கன்னி படகேறிவிட்டாள் என்று இதே வயர்லெஸ்ஸில் சொன்னவள் நான்.

எங்க வீட்டு ஆள் குரல் மட்டும் வரவில்லை.

பொத்தானை மறுபடி அழுத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து ரேஷன் கடையில்கூட நான் சொல்லாத பேர், அங்கே பக்கத்தில் நிற்கிறவளை விட்டுச் சொல்லச் சொல்லுவேன். இந்த நோட்டில்கூட முழுசாக எழுதாத பேர்.

"வைத்திலிங்கம்" என்றேன். "வைத்திலிங்கம், திரும்பி வா."

காத்தமுத்து வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். கொட்டகை வாசலில் ருக்மணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கடலில் யாரும் சிரிக்கவில்லை.

"...திரும்புறேன்" என்று குரல் வந்தது. அவர்தான்.

அதற்குப் பின்னாலேயே இன்னொரு குரல். "வைத்தி, நான் உனக்குத் தெக்கால கூப்புடு தூரத்துலதான் கெடக்கேன். மெதுவா வா, நானும் கூட வர்றேன்." வீராசாமி அண்ணன்.

இப்போது காற்று கூடியிருக்கிறது. முகத்துவாரத்தில் அலை மடங்கி விழுகிறது. அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

இரண்டு புள்ளி தெரிகிறது.

அக்டோபர் 15

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இடம்: அரசு ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு.

இரண்டு புள்ளியும் முகத்துவாரத்துக்கு வந்தன. எங்கள் படகு முன்னால். முதல் அலை தூக்கி இறக்கியது. இரண்டாவது தூக்கி இறக்கியது. மூன்றாவதில் அணியம் மட்டும் ஒரு பக்கம் தலையைத் திருப்பின மாதிரி திரும்பியது. உடம்பு திரும்பவில்லை. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் அங்கே படகு இல்லை, வெள்ளை நுரை மட்டும்.

வீராசாமி அண்ணன் படகு அந்த நுரைக்குள்ளேயே போய் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று யாராவது சொன்னாலும் நம்ப மாட்டேன். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பியது.

"எண்ணுங்கடா, எண்ணுங்கடா" என்று காத்தமுத்து கத்தினார். வீராசாமி படகில் நாலு பேர், நம்ம ஆள் மூன்று.

"ஏழு தல! ஏழு தல தெரியுது! எல்லாரும் இருக்காங்க!"

கரை முழுக்க ஓ என்று சத்தம். ருக்மணி அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். ஏழு என்ற கணக்கை நான் நம்பவில்லை. அவள் கையைப் பிரித்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முகம் முகமாகப் பார்த்தேன்.

வீராசாமி. அவர் ஆட்கள் மூன்று பேர். மதியழகன், நெற்றியில் ரத்தம். உலகநாதன். ஏழாவது ஆள் வீராசாமி அண்ணனின் மச்சான். நேற்று ஆள் சும்மா இருக்கிறாரே என்று கூட ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஏழு சரி. என் ஆள் இல்லை.

மதியழகன் என்னைப் பார்த்துவிட்டுக் கீழே கையைக் காட்டினான். படகின் வயிற்றில், நனைந்த வலைமேல், தலை தெரியாமல் படுக்க வைத்திருந்தார்கள். இன்ஜின் சரிந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. கண் திறந்திருந்தது.

"ஊருக்கே என் பேரச் சொல்லிட்டியே" என்றார்.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரை வரை நடந்தேன்.

அக்டோபர் 18

கால் இருக்கும் என்கிறார் டாக்டர். கடலுக்குப் போகுமா என்று கேட்டேன். நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 23

உடைந்த அணியம் வடக்கே கரையொதுங்கியிருந்தது. ஃபௌசியா இருதயராஜை வைத்து அதைக் குறுக்கே அறுக்கச் சொன்னாள். ஊரே நின்று பார்த்தது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. உள்ளே பரோட்டாவைப் பிய்த்த மாதிரி அடுக்கு அடுக்காக விட்டு, இடையில் உப்புத் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. கல்லில் உட்கார்ந்த இடத்தில் தொடங்கி ஒரு கை நீளத்துக்குமேல் ஓடியிருக்கிறது. நடுவில் அறுந்த இழையின் முனை, வெயிலில் ஒரு புள்ளியாக மின்னியது.

இருதயராஜ் அந்தத் துண்டின் வெளிப்பக்கத்தைக் காசால் தட்டினார். டக் டக். மறுபடி தட்டினார். "இப்பக்கூட நல்லாத்தானேம்மா பேசுது" என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஃபௌசியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பதினாலாம் தேதி காலையில நீங்க பார்த்தது ஏழுதானாக்கா?"

"ஏழுன்னுதான் பாப்பா எண்ணினேன்."

பெட்டியில் அன்றைய படம் பதிவாகியிருக்கிறது. அதைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மூடிவிட்டாள். "எண்ணச் சொன்னது என் தப்புக்கா. பாக்கச் சொல்லியிருக்கணும்" என்றாள். நல்ல பெண்.

வீராசாமி அண்ணன் ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கிட்டே வந்தார். "ஏம்மா, எங்க படகுக்கும் அந்த நூலு போட முடியுமா? மத்த பதினொண்ணும் அதே அச்சு. அதே கல்லுலதான் உக்காருது."

"வார்க்கும்போதே உள்ள வைக்கணும் ஐயா. வார்த்த படகுக்குள்ள வைக்க முடியாது."

"அப்ப மெஷினு? அது எப்ப வரும்?"

"கேட்டிருக்கேன்" என்றாள்.

அக்டோபர் 24

எழுதுவதற்குப் பல் இல்லை. பெட்டியை ஃபௌசியா எடுத்துக்கொண்டு போய்விட்டாள், நோட்டை மட்டும் விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக விடியும்போதே எழுந்தேன். கரைப் பக்கம் புதிதாக ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். பதினோரு படகையும் சுற்றி ஆட்கள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு காசு. அணியத்தில் காதை வைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். வீராசாமி அண்ணன் மண்டி போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படகுக்காரன் தோள் அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது, அவர் நகரவில்லை. என்னைப் பார்த்தும் யாரும் சிரிக்கவில்லை. கரை முழுக்க டக் டக், டக் டக்.

பிறகு ஒவ்வொருவராகக் காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வலையை ஏற்றினார்கள். டிராக்டர் வந்து தள்ளிவிட்டது.

எல்லாப் படகும் நல்ல சத்தமாகத்தான் கேட்டது. எங்கள் படகும் அப்படித்தான் கேட்டது.